இடுப்பை விட்டு இறங்காதவன்

என் மனைவி சுலோசனா ஒரு பள்ளிக்கூடம் திறந்தாள். திறப்பு நாளன்று அவள் வந்தாள், நான் வந்தேன், ஓர் அண்டா நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டல் வந்தது. பிள்ளைகள் யாரும் வரவில்லை.

இது தொண்ணூற்றொன்பதாம் வருஷம், வங்காளத்தில் சாந்த்ராகாச்சி ரயில்வே காலனியில் நடந்தது. அங்கே கூட்ஸ் யார்டில் வேகன்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் நான் இன்ஜினியர். பொன்மலைப் பட்டறையில் கை பழகியவன், மாற்றலில் அங்கே போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் என்றதும் பெரிய கட்டிடமாக நினைத்துவிட வேண்டாம். காலனி மனமகிழ் மன்றத்தின் பின்பக்கம் ஒரு கேரம் அறை இருந்தது. டியூட்டி முடிந்து வந்தால் நானும் இன்னும் சிலரும் அங்கேதான் உட்கார்ந்திருப்போம். அந்த அறையைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள்.

பிடுங்கியது காலனிப் பெண்கள் சங்கம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை, மத்திய அரசு மானியத்தில் ஒரு பால்வாடி நடத்த அவர்களுக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஸ்லேட்டு, பாய், மத்தியானம் கிச்சுடி என்கிற பருப்புச் சாதம் எல்லாம் மானியத்தில் வந்துவிடும். இடமும் டீச்சரும் சங்கத்தின் பொறுப்பு. திருச்சியில் நர்சரி டீச்சர் பயிற்சி முடித்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து எனக்கு மட்டுமே பாடம் நடத்திக்கொண்டிருந்த சுலோசனா முந்திக்கொண்டு கையைத் தூக்கிவிட்டாள். குளிர்காலம் முடிவதற்குள் ஓர் அதிகாரி வந்து பார்ப்பார், திருப்தி இல்லையென்றால் மானியம் வேறு பேட்டைக்குப் போய்விடும் என்று கேள்விப்பட்டேன். அப்படிப் போனால் அறை திரும்பி எங்களுக்கே வரும். கேரம் பலகையை விற்க வேண்டாம் என்று மட்டும் நண்பர்களிடம் சொல்லிவைத்தேன்.

சுலோசனாவுக்கு இந்த வேகம் பிறந்ததற்குக் காரணம் துலி. எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் ஜோபாவின் மகள். யார்டுக்கு வெளியே, தண்டவாளத்தை ஒட்டிய குடிசை வரிசையில் அவர்கள் இருந்தார்கள். ஜோபாவின் புருஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன். ஜோபா காலையில் காலனிக்கு வரும்போது துலியும் கூடவே வருவாள். துலியின் இடுப்பில் அவள் தம்பி கோகன் இருப்பான். எட்டு வயசுப் பெண் மூன்றரை வயசுப் பையனைத் தூக்கித் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடப்பாள். அவன் இல்லாமல் அவளை நான் பார்த்ததே கிடையாது.

இரண்டு சந்து தள்ளி ஓர் இலவச ஆரம்பப் பள்ளி இருந்தது. துலியை ஏன் அங்கே அனுப்பவில்லை என்று சுலோசனா கேட்டபோது, ஜோபாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "இவனை யார் தூக்கி வச்சுக்கறது பௌதி?" என்று திருப்பிக் கேட்டாள். பௌதி என்றால் அண்ணி. அங்கே வேலைக்கு வருகிறவர்கள் வீட்டுக்காரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோகன் பெரியவனாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள் ஜோபா. கோகன் பெரியவனாகும்போது துலி பத்து வயசைத் தாண்டியிருப்பாள், ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளோடு உட்காரக் கூச்சப்படுவாள், அதோடு கதை முடிந்தது என்பது சுலோசனாவுக்குத் தெரியும்.

"சின்னவனை ஒரு எடத்துல உட்கார வச்சாத்தாங்க பெரியவ எந்திரிச்சுப் போவா," என்று என்னிடம் சொன்னாள். அவளுடைய பால்வாடித் தத்துவம் முழுக்க அந்த ஒரு வாக்கியம்தான்.

நல்ல காரியத்துக்கு நாள் பார்க்க வேண்டுமே. பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்கு விஜயதசமியை விட்டால் வேறு நாள் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. முந்தின வருஷம் பூஜை விடுமுறைக்குப் பாஸ் எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போய்விட்டதால் அங்கே அந்த நாள் எப்படி இருக்கும் என்று பார்த்ததும் இல்லை. சுலோசனா தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பினாள். ஸ்லேட்டுகளுக்கெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்தாள். குடிசை வரிசை முழுக்க முன்னாலேயே போய்ச் சொல்லிவிட்டும் வந்திருந்தாள். அவர்களும் தலையை ஆட்டியிருந்தார்கள். அது வங்காளத்துத் தலையாட்டல், சரி என்பதற்கும் ஆட்டுவார்கள், பாவம் என்பதற்கும் ஆட்டுவார்கள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

காலை முழுக்கக் காத்திருந்தோம். காலனிப் பந்தலிலிருந்து மேளச் சத்தம் காதைப் பிளந்தது. பகல் சாய்ந்தபோது லாரியில் துர்க்கையை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போனார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் சேரவேண்டிய பிள்ளைகள் அத்தனை பேரும் லாரிக்குப் பின்னால் ஓடியதை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். துலியும் ஓடினாள், இடுப்பில் கோகன் குலுங்கிக்கொண்டே போனான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஜோபா வந்தாள். முகமெல்லாம் குங்குமம், கையில் ஒரு பொட்டலம் இனிப்பு. சுலோசனாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தவள், அடுக்கி வைத்திருந்த ஸ்லேட்டுகளைப் பார்த்தாள். ஏன் யாரும் வரவில்லை என்று சுலோசனா கேட்டதற்கு அவள் கோபப்படவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

"அம்மா பொறந்த வீட்டை விட்டுப் போற நாளு பௌதி. இன்னைக்கு யாராவது பிள்ளைக்கு நல்லதைத் தொடங்குவாங்களா?"

எங்களுக்கு வெற்றி நாள், அவர்களுக்குத் துர்க்கையை வழியனுப்பி வைத்துவிட்டு அழுகிற நாள். ஒரே தேதி, ஒரே பஞ்சாங்கம்! ஜோபா அதோடு விடவில்லை. வசந்த காலத்துத் தொடக்கத்தில் அவர்களுக்கு சரஸ்வதி பூஜை வரும். அன்றைக்குத்தான் பிள்ளையின் கையில் முதல்முதலாகச் சாக்கட்டி கொடுப்பார்கள். அதற்கு ஹாதேகொடி என்று பெயர். அதற்கு முன்னால் ஸ்லேட்டைத் தொட்ட பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று அடித்துச் சொன்னாள். பூஜைக்கு இன்னும் முழுசாக ஒரு குளிர்காலம் இருந்தது. அதிகாரியும் அந்தக் குளிர்காலத்திலேயே வரப்போகிறார். சுண்டலை நாங்கள் இருவரும் மறுநாளும் தின்று தீர்த்தோம்.

இந்த இடத்தில் வேறொருத்தியாக இருந்தால் கதவைச் சாத்தியிருப்பாள். சுலோசனா விடாக்கண்டி. அடுத்த வாரம் குடிசை வரிசைக்குப் போய் ஒரு சத்தியம் செய்து கொடுத்தாள். பிள்ளைகள் வரட்டும், பாடட்டும், ஆடட்டும், கிச்சுடி சாப்பிடட்டும், பூஜை வரைக்கும் ஒருத்தர் கையிலும் சாக்கட்டி படாது. சொன்னபடியே ஸ்லேட்டுகளை எங்கள் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். என் சட்டைகள் நாற்காலிக்குக் குடிபெயர்ந்தன.

பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். முதலில் கிச்சுடிக்காக வந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கிச்சுடி கொதிப்பதற்கு வெகு முன்னாலேயே வந்து கதவைத் தட்டியதற்கு என்ன காரணம் சொல்வது? எழுத்து இல்லாத பள்ளிக்கூடத்தில் சுலோசனாவுக்கு வேறு வழி இல்லை, விளையாட்டிலேயே எல்லாவற்றையும் நடத்த வேண்டியிருந்தது. யார்டில் கழித்துப்போட்ட வாஷர், நட்டு, பெரிய ஆணிகளை என்னைக் கொண்டுவரச் சொன்னாள். நான் அனுமதி வாங்கி, முனை கூராக இருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கொடுத்தேன். பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம் என்று பிள்ளைகள் பிரித்துக் குவிப்பார்கள். எங்கள் யார்டு ஸ்டோரில்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது. சுலோசனாவின் பெங்காலியை அந்தப் பொடிசுகள் திருத்திக்கொண்டே இருந்தன. அவளும் முகம் சுளிக்காமல் திரும்பச் சொல்லிப் பழகினாள்.

ஜனவரியில் ஒரு நாள் எண்ணிப் பழக இலந்தைப்பழம் வாங்கி வந்தாள். பிள்ளைகள் எண்ணினார்கள், நிறம் பிரித்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள். பிறகு ஒன்றுகூடக் குறையாமல் அவள் மடியில் திருப்பிக் கொட்டிவிட்டார்கள். சரஸ்வதிக்குப் படைக்கும் முன்னால் இலந்தைப்பழம் தின்னக் கூடாதாம். இப்படி வாயைக் கட்டத் தெரிந்த பிள்ளைகளை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பழத்தை நான் தின்றேன், எனக்குப் படிப்பெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. எதற்காக அந்த அறை திறக்கப்பட்டதோ அது மட்டும் நடக்கவில்லை. கோகன் துலியின் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

தினமும் வருவான், இடுப்பிலேயே வருவான். துலி உட்கார்ந்தால் அவள் மடியில் உட்காருவான். கீழே இறக்கிவிட்டால் அவன் போடுகிற கூச்சலுக்கு யார்டில் ஷண்டிங் டிரைவர் எட்டிப் பார்ப்பார். சுலோசனா பொம்மை கொடுத்துப் பார்த்தாள், வெல்லம் கொடுத்துப் பார்த்தாள், மிரட்டியும் பார்த்தாள். வெல்லத்தை வாங்கிக்கொண்டு அழுதான். ஒரு நாள் துலி நைசாக நழுவி ஆரம்பப் பள்ளிச் சந்து வரை போய்விட்டு ஓடி வந்தாள். தம்பி அழுகிற சத்தம் கேட்டது என்றாள். அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது.

அந்த நிலையில்தான் அதிகாரி வந்தார். தத்தா மேடம் என்று ஓர் அம்மாள், வெயிலே இல்லாத ஜனவரியிலும் கையில் குடை. சங்கத்துக்காரர்கள் எனக்கும் ஆள் அனுப்பி, டீ வாங்கிவரச் சொல்லியிருந்தார்கள். நான் டீயோடு உள்ளே நுழைந்தபோது மேடம் முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண்ணிடம் "அ" எழுதிக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பயந்து கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, இன்னும் பூஜை வரவில்லையே என்றாள். கேரம் அறை திரும்பிவிட்டது என்று நான் முடிவு செய்தேன். என் மனசு ஏன் அதற்குச் சந்தோஷப்படவில்லை என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மேடம் சிரித்துவிட்டார். அவரும் அந்த ஊர்க்காரர்தானே. சரி, எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாஷர் குவியலைக் காட்டி, பெரியதில் மூன்றும் சின்னதில் இரண்டும் கொண்டுவா என்றார். அந்தப் பெண் கொண்டுவந்து வைத்தாள். நட்டு ஏன் எடுக்கவில்லை என்று மேடம் கேட்டதற்கு, நீங்கள் கேட்கவில்லையே என்றாள். மூன்று வயசில் கையில் சாக்கட்டியைத் திணிப்பதை விட இதுதான் தேவை என்று சுலோசனாவிடம் சொல்லிவிட்டு, மேடம் டீயைக் கையில் எடுத்தார். அப்போதுதான் மூலையில் கோகனை மடியில் வைத்துக்கொண்டிருந்த துலி அவர் கண்ணில் பட்டாள்.

எத்தனை வயசு என்று கேட்டார். எட்டு என்று சுலோசனா சொன்னாள். இது ஆறு வயசு வரைக்கும்தானே என்றார். சுலோசனா உள்ளதை உள்ளபடி சொன்னாள், இந்தப் பெண்ணுக்காகத்தான் நான் இந்தப் பால்வாடிக்கே வந்தேன் என்றாள்.

"அப்படின்னா இவ ஏன் இன்னும் இங்க இருக்கா?" என்றார் மேடம். குரலில் கடுமை இல்லை. "சின்னதுகளை நாம உட்கார வைக்கறதே பெரியதுகள் எந்திரிச்சுப் போகத்தானே? பூஜை முடிஞ்சு மறுபடி வருவேன். அப்ப இவளை நான் இங்க பார்க்கக் கூடாது."

தன் தத்துவத்தையே இன்னொருத்தர் வாயால் கேட்டபோது சுலோசனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேடம் போன பிறகு வீட்டுக்கு வந்து என் மேல் எரிந்து விழுந்தாள். டீ ஆறிப்போயிருந்ததாம்.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. யார் வேலையிலும் தலையிடக் கூடாது என்று நினைப்பேன், ஆனால் ரயில் சம்பந்தமாக யாராவது தப்பாகச் செய்தால் பொறுக்க முடியாது. ஒரு சனிக்கிழமை வாஷர் கொடுக்க அறைக்குப் போனேன். பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் கத்தியது, வண்டி கிளம்பியது. பின்னால் கொடி காட்ட கார்டு இல்லை.

நிறுத்தச் சொன்னேன். கார்டு இல்லாமல் எந்த ஊரில் வண்டி கிளம்புகிறது என்று சுலோசனாவைக் கேட்டேன். அவள் பார்த்த பார்வையை நான் கண்டுகொள்ளவில்லை. நேராக யார்டுக்குப் போய், கார்டுகள் தங்கும் அறையில் சாயம் போய் ஓரம் கிழிந்து ஒதுக்கியிருந்த பச்சைக்கொடி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். எல்லாப் பிள்ளைகளும் எனக்கு எனக்கு என்று கையை நீட்டினார்கள். எல்லார் தலைக்கும் மேலே, அக்காவின் இடுப்பில் சௌகரியமாக உட்கார்ந்திருந்த கோகன் கையில் கொடுத்துவிட்டேன். யோசித்துக் கொடுத்தது என்று சுலோசனா பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள். நானும் மறுக்கவில்லை. உண்மையில் அவன் கைதான் பக்கத்தில் இருந்தது.

கோகன் கொடியை ஆட்டினான். வண்டி கிளம்பியது. "நில்லு," என்றேன். கார்டு கடைசிப் பெட்டியோடு இருக்க வேண்டும், கார்டைத் தரையில் விட்டுவிட்டுப் போக முடியாது, இதுதான் விதி என்று என் ஓட்டைப் பெங்காலியில் விளக்கினேன். வண்டி நின்றது. இன்ஜினிலிருந்து கடைசிப் பெட்டி வரை எல்லாப் பிள்ளைகளும் கோகனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கொடியைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், அக்காவின் கழுத்தைப் பார்த்தான். துலி மூச்சு விடாமல் நின்றாள். கோகன் சறுக்கிக்கொண்டு கீழே இறங்கினான்.

கடைசிப் பெட்டியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அறையை எத்தனை முறை சுற்றினான் என்று நான் எண்ணவில்லை. கொடியைப் பாதியில் இறக்கிவிடுகிறான் என்று பார்த்து, வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டுகிற வரை இறக்கக் கூடாது என்றும் சொல்லிக் கொடுத்தேன். அன்று முதல் எனக்கும் அங்கே வேலை வந்துவிட்டது. கார்டு ஸ்டேஷனில் இறங்கி எப்படி நிற்பார், விசில் எப்படி ஊதுவார் என்று தினமும் சந்தேகம் கேட்டு என்னை வதைத்தான். கேரம் ஆட்டக்காரர்கள் என்னைத் துரோகி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

கோகன் இறங்கிவிட்டான். துலி போனாளா என்றால், இல்லை. அறை வாசலில் வெறும் இடுப்போடு உட்கார்ந்திருந்தாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவள் மாதிரி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். சுலோசனா அவளைக் கூட்டிப்போய் ஆரம்பப் பள்ளி ஹெட்மாஸ்டரிடம் பேசிவிட்டு வந்தாள். அவர் நல்ல மனுஷர், வயசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நாளைக்கே வந்து உட்காரட்டும் என்றார். மறுநாளும் துலி வாசலில்தான் இருந்தாள். சுலோசனா பொறுமை இழந்து, போவதற்கு இன்னும் என்னடி தடை என்று கேட்டாள்.

"எனக்கு ஹாதேகொடி ஆகலை காக்கிமா," என்றாள் துலி. காக்கிமா என்றால் சித்தி.

அவளுக்குச் சாக்கட்டி கொடுக்க வேண்டிய வருஷம் ஊரில் வெள்ளம் வந்து, இருந்ததை மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்து கூரை போட்டுக்கொண்டிருந்தார்களாம். அடுத்த வருஷம் கோகன் வயிற்றில். அப்புறம் பெண் வளர்ந்துவிட்டாள், மடியில் உட்காருகிற வயசைத் தாண்டிய பிறகு ஐயரிடம் கொண்டுபோக வெட்கமாக இருந்தது என்றாள் ஜோபா. இதை இத்தனை வருஷமாக அந்தப் பெண் மனசில் வைத்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகளுக்குப் பூஜை வருவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். சுலோசனா உடனே காரியத்தில் இறங்கினாள். அந்தப் பூஜைக்கு மஞ்சள்தான் உடுப்பார்கள் என்று தன் மஞ்சள் புடவை ஒன்றை எடுத்துக் குறுக்கே கிழித்துத் தைக்க உட்கார்ந்தாள். அது நான் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த புடவை.

பிப்ரவரியில் பூஜை வந்தது. காலனிப் பந்தலில் வெள்ளைச் சரஸ்வதி, காலடியில் புத்தகங்களும் மைக்கூடும் இலந்தைப்பழமும். பீரோவைத் திறந்து ஸ்லேட்டுகளைக் கொண்டுபோனோம். பால்வாடிப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாயின் மடியில் உட்கார, புரோகிதர் கையைப் பிடித்து எழுத வைத்துக்கொண்டே வந்தார். இளவயசுக்காரர், இன்னும் பல வீட்டுக்குப் போக வேண்டிய அவசரம். சுலோசனா மஞ்சள் புடவை கட்டிய துலியை முன்னால் தள்ளினாள். புரோகிதர் நிமிர்ந்து பார்த்து, இவ்வளவு பெரிய பெண்ணுக்கா என்றார். ஜோபா துலியின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

சுலோசனா தன் பெங்காலி முழுவதையும் திரட்டினாள். "வயசு கேக்கறது மானியம் குடுக்கற ஆபீசு," என்றாள். "சரஸ்வதியுமா கேக்கறா?"

கூட்டம் சிரித்தது, புரோகிதரும் சிரித்துவிட்டார். துலியை உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்ததுதான் தாமதம், மடி காலியாக இருக்கிறதே என்று கோகன் வந்து ஏறிக்கொண்டான். இறக்கிவிட யாருக்கும் மனசு வரவில்லை. புரோகிதர் துலியின் கையைப் பிடித்தார், துலி கோகனின் கையைப் பிடித்தாள், மூன்று கையும் சேர்ந்து ஒரு சாக்கட்டியால் எழுதின. ஸ்லேட்டில் வந்த எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, துலி நடக்கிற மாதிரியே. ஜோபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுலோசனாவும் அழுதாள். அன்றைக்கு இலந்தைப்பழம் எல்லாருக்கும் கிடைத்தது.

மானியம் நிலைத்துவிட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு தத்தா மேடம் வந்தார், துலியைத் தேடினார், இல்லை என்றதும் மறுபடி டீ கேட்டார். நாங்கள் அந்த ஊரில் இருந்த வரை அறை பிள்ளைகளிடம்தான் இருந்தது. கேரம் பலகை எங்கள் கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடந்தது.

ஆனால் நான் நினைத்துக்கொள்வது பூஜைக்கு இரண்டு நாள் கழித்து வந்த காலையைத்தான். துலி வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையுமாக, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு அறை வாசலுக்கு வந்தாள். கோகனை உள்ளே விட்டாள். சந்துமுனை வரை போனாள், திரும்பி வந்தாள். அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள், அவன் பட்டனைப் போட்டுவிட்டாள். பட்டன் ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது. பள்ளிக்கூட மணி அடிக்கிற சத்தம் கேட்டது. அவள் நகரவில்லை. போ என்று சுலோசனா சொன்னாள், நானும் சொன்னேன். அவள் தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோகனுக்குப் பொறுமை போய்விட்டது. உள்ளே ஓடினான், கொடியை எடுத்துக்கொண்டு வந்தான். வாசல்படியில் கால்களை அகட்டி நின்று, வாயாலேயே விசில் ஊதி, பச்சைக்கொடியை அக்காவுக்கு நேராக நீட்டி ஆட்டினான்.

துலி சிரித்தாள். திரும்பினாள். கையை வீசிக்கொண்டு நடந்தாள், பிறகு ஓடினாள். ஒரு பக்கமும் சாயாமல் அவள் ஓடியதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். உள்ளே பிள்ளைகள் ரயிலுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கோகன் காதில் வாங்கவில்லை. அவள் சந்து திரும்பி மறைகிற வரை கொடியை இறக்காமல் நின்றான்.

விதிப்படி பார்த்தால் அது தப்பு. கார்டு வண்டியோடு போக வேண்டும், வண்டியை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் நிற்கக் கூடாது. ரயில் விஷயத்தில் நான் யாரையும் சும்மா விட்டதில்லை. அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.